ரோஷக்கார வால்வு

அத்தியாயம் 4

காலை ஒன்பதரை மணிக்கு என் மாமியார் போர்க்கப்பலுக்குள் அடியெடுத்து வைத்தார். வைத்த கையோடு தலையை இடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, குனிஞ்சு வாங்க" என்றார், நெற்றியைத் தேய்த்தபடி. "உங்களுக்காகத்தான் இடிச்சுக் காட்டினேன்."

போர்க்கப்பல் என்றேனே தவிர, அது கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு பெரிய தகரக் கொட்டகைக்குள் எஃகுத் தகடுகளால் கட்டிய மூன்று அடுக்குப் பெட்டி. கப்பலின் வயிற்றை மட்டும் தனியாக அறுத்துக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. இது தீயணைப்பு ஆராய்ச்சிக் கூடம்; இதற்குள் இவர்களே தீ வைப்பார்கள். பிறகு இவர்களே அணைப்பார்கள். இதற்குச் சம்பளமும் உண்டாம்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் தீ இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தவர். எரிந்த கடைக்குள் நுழைந்து, தீ தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்கவைத்தார்களா என்று மோப்பம் பிடித்துச் சொல்வதுதான் வேலை. ரிட்டயர் ஆனதும் தனியாகத் துப்பறிய ஆரம்பித்தார். உதவிக்கு ஆள் வேண்டும் என்றார். அதே வாரம்தான் நான் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடினார்கள். என் மனைவி இரண்டு பிரச்சினையையும் ஒரே நாளில் முடித்துவைத்துவிட்டாள்.

அத்தை எனக்கு மரியாதை கொடுத்துத்தான் திட்டுவார். "மூளையைக் கொஞ்சம் வெளியில எடுங்க" என்பதில் கடைசியாக வரும் அந்த 'ங்க'வில்தான் என் மொத்தக் கௌரவமும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எங்களைக் கூப்பிட்டவர் என் மனைவியின் கல்லூரித் தோழி. இங்கே குழாய் வடிவமைப்பாளர். சட்டைப் பையில் நான்கு பேனா. கண்ணுக்குக் கீழே நான்கு நாள் தூக்கம் பாக்கி.

"ராத்திரி லாட்ஜ் வசதியா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"வசதிக்குக் குறைச்சல் இல்ல. தண்ணிதான் உப்பு" என்றேன். அந்த ஊர்த் தண்ணீரில் குளித்த என் தலைமுடி பெயிண்ட் பிரஷ் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. "சோப்பை அரை மணி நேரம் தேய்ச்சேன். ஒரு நுரையாவது எட்டிப் பார்க்கணுமே!"

"ஊர் பூராவும் அப்படித்தான். பதினோரு மணிக்கு டீ வரும், குடிங்க. அது ஒண்ணுதான் இங்க உருப்படி" என்றவர், தலைக்கு மேலே ஓடிய பளபளப்பான குழாயைக் காட்டினார். "இதான் என் குழாய்."

பெற்ற பெண்ணை அறிமுகப்படுத்தும் குரல் அது.

"சாதாரணமா தண்ணியைக் கொட்டித் தீயை அணைச்சா, கப்பல்ல அந்தத் தண்ணியே ஆபத்து. தேங்கித் தேங்கிக் கப்பலையே சாய்ச்சிடும். அதனால நாங்க பனி மாதிரி தெளிக்கிறோம். கொஞ்சூண்டு தண்ணிதான், ஆனா கோடிக்கணக்கான துளி. தீ மூச்சு முட்டிப் போயிடும்."

"அப்புறம் என்ன கஷ்டம்?" என்றார் அத்தை.

"சண்டையில குண்டு விழுந்தா தீ மட்டும் பிடிக்காது, குழாயும் அறுந்துடும். தண்ணி எல்லாம் அந்த ஓட்டை வழியா ஓடிடும். தீ எரியற ரூமுக்கு ஒரு சொட்டு போகாது. அதனாலதான் கப்பலோட ரெண்டு பக்கமும் குழாய் விட்டிருக்கேன். நடுவுல ஏணிப்படி மாதிரி குறுக்குக் குழாய். முன்னால ஒரு பம்ப், பின்னால ஒரு பம்ப். சேர்ற இடத்துல எல்லாம் வால்வு. ஒவ்வொரு வால்வுக்கும் சொந்த மூளை."

"சொந்த மூளை" என்று அத்தை ரசித்துச் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது ஏனோ என்னைப் பார்த்தார்.

"யாரோட உத்தரவுக்கும் காத்திருக்காது. அழுத்தம் குறைஞ்சு, குறைஞ்ச மாதிரியே இருந்துச்சுன்னா, பக்கத்துல குழாய் போயிடுச்சுன்னு புரிஞ்சுக்கும். டக்குனு மூடிக்கும். தண்ணி வேற வழியா சுத்திக்கிட்டு வந்துடும்."

"மாமியார் முகம் சுருங்கினதும் மருமக ரூம் கதவைச் சாத்திக்கிற மாதிரி" என்றேன்.

"என் மருமக சாத்திக்க மாட்டா. எனக்கு மருமகளே இல்ல, மாப்பிள்ளைதான்" என்றார் அத்தை. "மேல சொல்லும்மா."

"ஏழாம் நம்பர் வால்வு பைத்தியம் பிடிச்ச மாதிரி பண்ணுது. மூணு வாரத்துல நாலு தடவை தானா மூடிக்கிச்சு. குழாய் எங்கயும் அறுந்து போகல, விரிசல் இல்ல, தரையில ஒரு சொட்டு ஈரம் இல்ல. எங்க துறைத் தலைவர் வால்வோட மூளையை எல்லாம் கழட்டி வீசச் சொல்றார். ஒத்தைக் குழாய், ஒரே ஒரு கைப்பிடி, அது போதுமாம்."

அந்தத் துறைத் தலைவருக்குக் கொட்டகையில் 'பழைய குழாய்' என்று பெயர். அவருக்கு மட்டும்தான் அது தெரியாது.

"இன்னிக்குப் பதினொன்றரை மணிக்குக் கடற்படையிலிருந்து அதிகாரி வர்றாங்க. எந்தக் குழாய்னு இன்னிக்கு முடிவாகிடும்." அவர் தலைக்கு மேலிருந்த ஏழாம் வால்வைத் தடவினார். "என் வீட்டுக்காரர் கப்பல்ல எஞ்சின் ரூம்ல இருக்கார். புதுக் கப்பல் வந்ததும் அவருக்கு அதுலதான் வேலை. ஒத்தைக் குழாயை நம்பி அவரை எப்படி அனுப்புவேன், சொல்லுங்க."

அத்தை அண்ணாந்து அந்த வால்வைப் பார்த்தார். ஏழாம் வால்வுக்குக் கீழே, அறுபத்திரண்டு வயதுக்குக் கொஞ்சமும் பொருந்தாத வேகத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். வெள்ளைக் கைக்குட்டையால் தரையைத் துடைத்தார். தூசிதான் வந்தது.

"மாப்பிள்ளை, குழாய் ஒழுகினா என்ன ஆகும்?"

"தரை நனையும்."

"தரை நனையலன்னா?"

"ஒழுகலன்னு அர்த்தம்."

"இல்லன்னா, ஒழுகின இடத்துல யாரோ பாத்திரம் பிடிச்சாங்கன்னு அர்த்தம்."

நான் சிரித்துவிட்டேன். "தண்ணியைப் போய் யாராவது திருடுவாங்களா, அத்தை?"

அத்தை சிரிக்கவில்லை. வால்வு மூடிக்கொண்ட நாட்களைக் கேட்டார். வடிவமைப்பாளர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். நான்கு தேதிகள். நான்கிலும் காலை பத்தே முக்காலை ஒட்டிய நேரம். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அதே நான்கு தேதிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இது என்ன வட்டம்?"

"துறைத் தலைவர் அவரோட ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு மீட்டிங்குக்கு வர்ற நாள்."

நான் காலண்டரைத் தட்டினேன். "அத்தை! அவர் வர்ற நாள்ல மட்டும் வால்வு மூடுது! அவர்தான் வந்து ஏதோ பண்ணிட்டு, பழியை வால்வு மேல போடறார். கேஸ் முடிஞ்சுது. பதினோரு மணிப் பஸ்ஸைப் பிடிச்சுடலாம்."

"பஸ் இருக்கட்டும். முதல்ல ஆளைப் பிடிங்க" என்றார் அத்தை.

பத்தேகால் மணிக்குப் பழைய குழாய் வந்தார். கூடவே ஐந்து பேர். உயரமான மனிதர், இஸ்திரி கலையாத சட்டை, நடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறவர். ஐந்து பேரையும் மேல் அடுக்கில் உட்காரவைத்துவிட்டு, பத்தரை மணிக்கு நைசாக நழுவினார். இரண்டு பக்கமும் பார்த்தார். இரும்பு ஏணியில் இறங்கிக் கீழ் அடுக்குக்குப் போனார்.

நாங்கள் பின்தொடர்ந்தோம். அத்தை பூனை மாதிரி இறங்கினார். நான் பீரோவை இறக்குகிற மாதிரி இறங்கினேன்.

கீழே ஒரு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். பழைய குழாய் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். ஸ்பேனராக இருக்கும் என்று நான் அத்தையின் கையைப் பிடித்தேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டார். அவர் எடுத்தது நான்காக மடித்த ஒரு காகிதம். முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்த ஒரு எஃகுத் தகட்டின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"பெருமதிப்புக்குரிய அதிகாரி அவர்களே! புதுமை வேண்டாமென்று நான் சொல்லவில்லை..." நிறுத்தினார். இடது கையை நீட்டிப் பார்த்தார். திருப்தியில்லை. வலது கையை நீட்டினார். "...சொல்லவே இல்லை! ஆனால் முப்பது ஆண்டு அனுபவம் என்ன சொல்கிறதென்றால்..."

மேலேயிருந்து சத்தம் வந்தது.

டக்.

என் கடிகாரத்தில் பத்து நாற்பத்தேழு. ஏழாம் வால்வு ஐந்தாவது முறையாக ரோஷப்பட்டுவிட்டது.

பழைய குழாய் துள்ளித் திரும்பினார். கதவுக்குப் பின்னால் எங்களைப் பார்த்துவிட்டார். "யாரு நீங்க? இங்க என்ன பண்றீங்க?"

"கைதட்ட வந்தோம், சார்" என்றேன்.

மறுபடி மேலே ஏறும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. குற்றவாளி என்று நான் முடிவு கட்டிய மனிதர் குற்றம் நடந்த நேரத்தில் தகட்டைப் பார்த்துச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். அதற்கு நாங்களே சாட்சி!

வடிவமைப்பாளர் வால்வுக்கு அடியில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். "ஓடி வந்து பார்த்துட்டேன். பூராவும் காய்ஞ்சு கிடக்கு. அவ்வளவுதான், முடிஞ்சுது."

அப்போது டீ வந்தது. கொண்டுவந்தவர் பம்ப் ஆபரேட்டர். ஐம்பது வயதிருக்கும், எண்ணெய்க் கறை படிந்த காக்கி உடுப்பு, வகிடு எடுத்துப் படிய வாரிய தலை. மேலே இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தட்டில் மூன்று டம்ளர். முதல் டம்ளரை வடிவமைப்பாளரிடம் நீட்டினார்.

"எடுத்துக்குங்க மேடம். எந்த வால்வு எப்படிப் போனாலும் டீயைக் குடிச்சிட்டு அப்புறம் அழுங்க."

நான் ஒரே மூச்சில் பாதியை இறக்கினேன். அத்தை ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றார்.

"மாப்பிள்ளை, குடிக்காதீங்க."

என் கண் முன்னால் என் வாழ்க்கை ஓடியது. பெரும்பாலும் வேலைக்கு விண்ணப்பித்த காட்சிகள். "அத்தை... விஷமா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"அதுக்கா இப்படி..."

"இந்த ஊர்த் தண்ணில டீ இப்படி வராது. மிச்சத்தைக் கீழ வைங்க. நீங்க குடிச்சுக்கிட்டு இருக்கறது தடயம்."

ஆபரேட்டர் தட்டை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தார். அத்தை அவரிடம் மிகவும் மெதுவாகக் கேட்டார். "கெட்டிலைக் கொஞ்சம் காட்டறீங்களா, தம்பி?"

ஏழாம் வால்வுக்கு அந்தப் பக்கம், சுவரைத் தாண்டினால் பம்ப் ரூம். மேசைமேல் ஒரு மின்சாரக் கெட்டில். அத்தை மூடியைத் திறந்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே கண்ணாடி மாதிரி மின்னியது.

"லாட்ஜ் கெட்டில் எப்படி இருந்துச்சு?"

"உள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருந்துச்சு."

"இந்த ஊர்ல எல்லாக் கெட்டிலும் அப்படித்தான் இருக்கும். இதுக்குள்ள மட்டும் உப்பு ஏறல." சுவரில் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ் ஒன்று இருந்தது. அதன் பின்னால் அத்தை கையை விட்டார். கட்டைவிரல் அளவு டேப் ஒன்று, தண்ணீர் திறந்துவிடும் திருகு. அதில் அழகாகச் சுருட்டி வைத்த ரப்பர் டியூப்.

வடிவமைப்பாளர் வாயைப் பிளந்தார். "இது ஏழாம் வால்வைத் தாண்டி வர்ற துண்டுக் குழாய். கேஜ் மாட்டறதுக்காக விட்டது. முட்டுச்சந்து. இங்க நான் டேப் வைக்கவே இல்லையே!"

"நான்தான் மேடம் வச்சேன்" என்றார் ஆபரேட்டர். தலை குனிந்திருந்தது, வகிடு மட்டும் தெரிந்தது. "நீங்க இங்க வந்ததிலேருந்து ஒரு நாளும் டீயை முழுசா குடிச்சதில்ல. உப்புக் கரிக்குதுன்னு பாதியில வச்சிடுவீங்க. சாப்பாட்டையும் மறந்துடுவீங்க. ஒருநாள் மாடிப்படில மயக்கமா உட்கார்ந்துட்டீங்க. நம்ம குழாய்ல ஓடறது உப்பெல்லாம் எடுத்து, நாலு தடவை வடிகட்டின தண்ணி. தெளிக்கிற ஓட்டை முடி மாதிரி இருக்கும், அடைச்சுக்கக் கூடாதுன்னு நீங்களேதான் சொன்னீங்க. உங்களுக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர். இதுல என்ன வந்துடப் போகுதுன்னு..."

"தினமுமா எடுத்தீங்க?" என்று கேட்டேன். "அப்போ வால்வு தினமும் மூடியிருக்கணுமே!"

"தினமும் ரெண்டு டம்ளர்தான்" என்றார் அத்தை. "மீட்டிங் நாள்ல?"

வடிவமைப்பாளர் மெதுவாகச் சொன்னார். "ஆறு பேர் கூட வருவாங்க." பிறகு வேகமாக, "சும்மா இருக்கும்போது குழாய்ல லேசான அழுத்தம்தான் இருக்கும். அதைத் தக்கவைக்க ஒரு குட்டி பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டு டம்ளர் போனா அது ஈடு கட்டிடும். கெட்டில் நிறையப் பிடிச்சா அதால முடியாது. அழுத்தம் குறையும். குறைஞ்சே இருக்கும். அப்போ வால்வு..."

"குழாய் ஒழுகுதுன்னு நினைச்சுது" என்றார் அத்தை. "தப்பா நினைக்கல. ஒழுகத்தான் செஞ்சுது, கெட்டிலுக்குள்ள. மூணு வாரமா இங்க ஒழுங்கா துப்பறிஞ்சது உங்க ஏழாம் நம்பர் மட்டும்தான். நாம யாரும் அது சொன்னதைக் கேட்கல."

வடிவமைப்பாளர் சிரிக்க ஆரம்பித்தார். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். ஆபரேட்டர் பக்கத்தில் நின்று அழுதார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது மேடம். மீட்டிங் நாள்ல உங்களைத் திட்டறாங்கன்னு மட்டும் தெரியும். அதனாலதான் அன்னிக்கு டீயை இன்னும் ஸ்ட்ராங்கா போடுவேன்."

இதைக் கேட்டதும் எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அத்தை மட்டும் கண்டிப்பாக இருந்தார். "சிரிப்பெல்லாம் சரி. நீங்க தண்ணி பிடிக்கிற நேரத்துல பெரிய பம்ப் ஓடியிருந்தா, கெட்டில் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும், கூடவே நீங்களும். முதல்ல இதைக் கழட்டுங்க, தம்பி."

ஆபரேட்டர் டேப்பைக் கழற்றி, துளையை இறுக்கமாக அடைத்தார். வடிவமைப்பாளர் அதைத் தன் கையாலும் ஒருமுறை முறுக்கிப் பார்த்தார்.

பதினொன்றரைக்குச் சரியாகக் கடற்படை அதிகாரி வந்தார். வெள்ளைச் சீருடை அணிந்த குள்ளமான பெண்மணி. அவர் உள்ளே வந்ததும் கொட்டகையில் யாரும் தும்மக்கூடத் துணியவில்லை. பழைய குழாய் மட்டும் காகிதத்தைப் பிரித்தார்.

"பெருமதிப்புக்குரிய அதிகாரி அவர்களே! இன்னிக்கும் ஏழாம் வால்வு காரணமில்லாம மூடிடுச்சு. பத்து நாற்பத்தேழுக்கு. நானே சாட்சி."

டேப்பைத்தான் கழற்றியாயிற்றே, வடிவமைப்பாளர் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் முன்னால் வந்து நின்றார்.

"ஆமா மேடம், மூடிச்சு. காரணம் இருக்கு. இந்தக் குழாய்லேருந்து எனக்கு டீ போடத் தண்ணி எடுத்திருக்காங்க. மூணு வாரமா எனக்கே தெரியாம நானும் குடிச்சிருக்கேன். வால்வு அதைக் கண்டுபிடிச்சு மூடியிருக்கு. அது பண்ணினது சரி. கவனிக்காம விட்டது என் தப்பு."

"கதை!" என்றார் பழைய குழாய்.

"கதையா இல்லையான்னு வெட்டிப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்றார் அதிகாரி. சுற்றிலும் பார்த்தார். பார்வை அத்தையிடம் வந்து நின்றது. "நீங்க யாரு?"

"மாமியார்."

"யாருக்கு?"

"இவருக்கு."

அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்போ இரக்கமெல்லாம் பார்க்க மாட்டீங்க. குழாயை எந்த இடத்துல வெட்டணும்னு நீங்களே சொல்லுங்க."

அத்தை ஒரு சாக்கட்டியை வாங்கிக்கொண்டு கப்பலுக்குள் போனார். நடு அறையில், டீசல் ஊற்றித் தீ வைக்கப்போகிற தட்டுக்கு நேர் மேலே ஒரு கோடு போட்டார். கொஞ்சம் யோசித்தார்.

"இன்னொண்ணும் போட்டுக்கட்டுமா?"

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். அத்தை எதிர்ப்பக்கக் குழாயில், அடுத்த அறையில் இன்னொரு கோடு கிழித்தார். வடிவமைப்பாளரின் முகம் வெளுத்தது. விரலை ஒவ்வொன்றாக மடக்கித் தண்ணீர் போகும் வழியை எண்ணினார். முன்னாலிருந்து... குறுக்கே... பின்னாலிருந்து...

"வெட்டுங்க" என்றார்.

எல்லோரும் தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். தட்டிலிருந்த டீசல் பற்றியது. கரும்புகை கூரையை முட்டியது. பம்ப் உறுமியது, நடு அறையில் பனி இறங்கியது, தீ கொஞ்சம் தலை குனிந்தது. அந்த நேரம் பார்த்து வெட்டும் இயந்திரங்கள் இரண்டும் குழாயைக் கவ்வின.

கிரக். கிரக்.

பனி தொய்ந்து விழுந்தது. குழாயின் அறுந்த வாய்களிலிருந்து தண்ணீர் சீறியடித்து வீணாகச் சுவரில் மோதியது. தீ மறுபடி எழுந்து நின்றது. ஒரு விநாடி. இரண்டு விநாடி. பக்கத்தில் வடிவமைப்பாளர் முணுமுணுத்தார்: "மூடு... மூடு கண்ணு..." என்னை அறியாமல் நானும் முணுமுணுத்தேன். அதிகாரியின் உதடும் அசைந்த மாதிரி இருந்தது.

டக். டக். டக். டக்.

நான்கு வால்வுகள். அறுந்த துண்டுகள் இரண்டும் தனியே நின்றன. குழாய் முழுவதும் ஒரு நடுக்கம் ஓடியது. பிறகு பனி வந்தது. நான்கு மூலையிலிருந்தும் வந்தது. கண்ணாடி முழுவதும் வெள்ளை. உள்ளே தீ எங்கே என்று தேடினால் தீ இல்லை.

பழைய குழாய்க்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. பம்பை நிறுத்துவதற்குள் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டிவிட்டார். பனி அவரை மொத்தமாக விழுங்கியது. அது கலைந்தபோது, காதிலும் மூக்கு நுனியிலும் நீர் சொட்ட, அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த உரை கூழாகியிருந்தது.

"வேலை செய்யுது" என்றார். பிறகு வடிவமைப்பாளரைப் பார்த்து, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "நல்லாவே வேலை செய்யுதும்மா" என்றார்.

கொட்டகையே கைதட்டியது. நான் அத்தையைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் சாக்கட்டித் தூள் படிந்த கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

அதிகாரி மட்டும் கைதட்டவில்லை. "ஒரு கேள்வி பாக்கி இருக்கு" என்றார். "குண்டு விழுந்தா பெரிய ஓட்டை, தெரிஞ்சுடும். சின்ன விரிசல்னா? குறைஞ்சது எவ்வளவு தண்ணி போனா இந்த வால்வுக்குத் தெரியும்? கணக்குப் போட்டதைக் கேட்கல. அளந்து பார்த்திருக்கீங்களா?"

வடிவமைப்பாளர் உதட்டைக் கடித்தார். "இன்னும் அளக்கல மேடம்."

பின்னாலிருந்து ஒரு கை மெதுவாக உயர்ந்தது. பம்ப் ஆபரேட்டர்.

"அஞ்சு டம்ளர், மேடம்."

எல்லோரும் திரும்பினோம்.

"நாலு வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. அஞ்சாவது நிரம்பும்போது சுவத்துக்கு அந்தப் பக்கம் டக்குனு கேட்கும். யாரோ கதவைச் சாத்தறாங்கன்னு நினைச்சுக்குவேன். அதுக்கு மேல தண்ணியும் வராது. மிச்சத்துக்குப் பாலை ஊத்திச் சமாளிச்சுடுவேன்."

அதிகாரி கண் இமைக்காமல் அவரைப் பார்த்தார். "எத்தனை நாள் பார்த்தீங்க?"

"மூணு வாரம், மேடம். வேலை நாள்ல ஒரு நாள் விடாம. ரெண்டு டம்ளரும் பிடிச்சிருக்கேன், யாராவது வந்தா நாலும் பிடிச்சிருக்கேன், மீட்டிங்னா அஞ்சும் பிடிச்சிருக்கேன். ஒரு தடவைகூட மாறினதில்ல."

அதிகாரி பையிலிருந்து நோட்டை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"டம்ளர் எவ்வளவு பிடிக்கும்?"

ஆபரேட்டர் டம்ளரை எடுத்துவரப் பம்ப் ரூமுக்கு ஓடினார். வடிவமைப்பாளர் அளவு ஜாடியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே ஓடினார்.